மூன்றாம் கிணற்றுக்குப் போன குரல்

ஸகாஸிக்,
2 பிப்ரவரி 1971

மேஜர் ரிஃபாத் அவர்களுக்கு,

உங்கள் மேல் சாந்தி நிலவட்டும்.

ஆம், மேஜர் என்றுதான் எழுதியிருக்கிறேன். உறையின் மேலும் அப்படித்தான். ராணுவ நீதிமன்றம் உங்கள் தோளிலிருந்து பதவிச் சின்னத்தைப் பிடுங்கியது. என் பேனாவிலிருந்து பிடுங்க அதற்கு அதிகாரம் இல்லை. கார்கா தபால் நிலையத்தில் யாராவது அந்தச் சொல்லை அடித்துவிட்டுக் கொடுத்தால் அவர் பெயரைக் கேட்டு எனக்கு எழுதுங்கள். வழியில் இதைப் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கும் ஒரு சலாம். அவருக்குத் தெரியக்கூடாதது இதில் எதுவும் இல்லை. எல்லோருக்கும் தெரியவேண்டியதுதான் இருக்கிறது.

உங்கள் கடிதம் போன புதன்கிழமை வந்தது. பண்ணையில் நீர் இறைக்கும் எஞ்சின் மூன்றாவது முறையாக நின்றதையும், அதைப் பிரித்துப் போட்டு நீங்கள் சரிசெய்ததையும் படித்துச் சந்தோஷப்பட்டேன். சிறையிலிருந்து வந்தவர் என்று உங்களோடு தேநீர் குடிக்காதவர்கள் உங்கள் எஞ்சின் இறைத்த தண்ணீரை மட்டும் குடிக்கிறார்களே, அதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அடுத்த பத்தியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மறு ஆய்வுக் குழுவிடம் போகாதீர்கள். நடந்தது என்னோடு முடியட்டும். உங்கள் பெயர் அந்தக் காகிதங்களில் ஏற வேண்டாம்" என்று எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் கட்டளையிட்டு நான் கேட்கும் வழக்கம் நமக்குள் எப்போதும் இருந்ததில்லை. நான் சொன்ன கட்டளையைத்தான் நீங்கள் கேட்டீர்கள். இத்தனைக்கும் அதுதானே காரணம். மனு போட இந்த மாதக் கடைசி வரைக்கும் நேரம் இருந்தது. நான் நேற்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

ஏன் இப்போது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இஸ்மாயிலியாவைக் காலி செய்து எங்களை இங்கே கொண்டுவந்து போட்ட பள்ளிக்கூடத்தில், ஒரு வகுப்பறையை நான்கு குடும்பங்கள் போர்வை கட்டிப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். கரும்பலகை என் பங்குக்கு வந்தது. போர்வைக்கு அந்தப் பக்கம் ஃபௌகிய்யா. அவள் கணவர் நான்காம் கிணற்று முகாமில் சார்ஜெண்டாக இருந்து, 1967 போரில் ஜூன் ஆறாம் தேதி அங்கேயே இறந்து போனவர். காலையில் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலைக்குக் கிளம்பும்போது இரண்டு ரொட்டியைச் சுடச்சுட என் கையில் திணிப்பாள். திணித்துக்கொண்டே உங்களைச் சபிப்பாள். "அந்த ரிஃபாத்தோட கை விளங்காமப் போகட்டும். பக்கத்து முகாம்ல ஆளு இருக்குன்னு நம்பி என் வீட்டுக்காரரு உக்காந்திருந்தாரு, இவன் என்னடான்னா வண்டியேறிப் போயிட்டான்" என்பாள். பிறகு அதே மூச்சில், "நீ ஏன் முழிச்சிக்கிட்டு நிக்கிற, ரொட்டில உப்பு கூடிடுச்சா?" என்பாள்.

இரண்டு வருடமாக அந்த ரொட்டியைத் தின்கிறேன், ரிஃபாத். போன மாதம் ஒரு நாள் தொண்டையில் இறங்கவில்லை. அவ்வளவுதான் காரணம். நாட்டுப்பற்று என்றெல்லாம் எதுவும் இல்லை.

குழுவிடம் நான் சொல்லப்போவதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நான்கு வருடத்தில் ஞாபகம் தனக்குப் பிடித்தபடி பேச ஆரம்பித்துவிடும். என் ஞாபகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. தவறு இருந்தால் திருத்தி அனுப்புங்கள்.

முதலில் எங்கள் தொழிலின் வழக்கம் ஒன்றை அவர்களுக்கு விளக்க வேண்டும். லைன் பலவீனமாக இருந்து ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காமல் போனால், நடுவில் இருக்கும் ஆபரேட்டர் இரண்டு பக்கத்துக்கும் வாய் ஆகிவிடுவாள். அப்போது "அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது. நேரம் வீணாகும், குழப்பமும் வரும். அவராகவே பேச வேண்டும். அவர் "நான்" என்றால் நானும் "நான்".

நமக்குப் பழக்கம் வந்தது அப்படித்தான். வியாழக்கிழமை தோறும் மூன்றாம் கிணற்று முகாமிலிருந்து தன்தாவில் மருந்துக்கடை டெலிபோனுக்கு டிரங்க் கால் போட்டு உங்கள் அம்மாவை அழைப்பீர்கள். நபவிய்யா அம்மாளுக்குக் காது மந்தம். உங்கள் அடிக்குரல் அவருக்கு எட்டாது. என் கீச்சுக் குரல் எட்டும். "அம்மா, நான் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்று நீங்கள் சொல்வதை, "அம்மா, நான் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்று நான் கத்துவேன். "பொய் சொல்லாதடா கழுதை, குரலே மெலிஞ்சு போயிருக்கு!" என்று அவர் என் குரலைக் கேட்டுவிட்டு அழுவார். அந்த அழுகையையும் திட்டையும் நான் உங்களுக்குத் தாயாக மாறிச் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் உங்களைக் கழுதை என்று திட்டச் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

ஒருவரையொருவர் பார்த்தது ஒரே ஒரு முறை. 1967 ஏப்ரலில் இஸ்மாயிலியாவில் கரும்புச்சாறு கடையில் "ஐஸ் போடாம ஒண்ணு" என்று கேட்டேன். பின்னாலிருந்து ஒருவர், "மூணு நிமிஷம் முடிஞ்சிடுச்சு, நீட்டிக்கவா?" என்றார். தினமும் நூறு தடவை நான் சொல்லும் வாக்கியம். திரும்பிப் பார்த்தால் சீருடையில் ஓர் ஆள், கையில் இரண்டு டம்ளர். அதைக் குழுவிடம் சொல்ல மாட்டேன். அது அவர்கள் வேலை இல்லை.

இனி அந்த நாள். ஜூன் ஐந்தாம் தேதிக் குண்டுவீச்சில் ராணுவக் கம்பிகள் அறுந்துவிட்டன. ரயில் பாதையோரம் போன பொதுக் கம்பியில்தான் கொஞ்சம் உயிர் இருந்தது. ஆறாம் தேதி காலை பத்தே முக்காலுக்குத் தலைமை முகாமிலிருந்து கர்னல் மூன்றாம் கிணற்றைக் கேட்டார். அவர் பெயரை மனுவில் எழுதியிருக்கிறேன். இங்கே எழுதி மையை வீணாக்கவில்லை. உங்கள் இருவருக்கும் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. "நீயே சொல்லும்மா, சீக்கிரம்!" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன்: "ஆட்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு உடனே கால்வாய்க்குத் திரும்புங்கள். நான்காம் கிணற்றுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். இது என் கட்டளை."

நீங்கள் மறுபடி சொல்லச் சொன்னீர்கள். மறுபடி சொன்னேன். "புரிந்தது" என்றீர்கள். பிறகு, "நீங்களும் ஊரை விட்டுக் கிளம்பிடுங்க" என்றீர்கள். அது கர்னலுக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அதை நானே வைத்துக்கொண்டேன்.

அடுத்து நான்காம் கிணற்றைப் போடச் சொன்னார். கம்பி செத்துப் போயிருந்தது. பன்னிரண்டு பத்துக்கு அவரைக் கூப்பிட்டு, "நான்காம் கிணறு கிடைக்கவில்லை, ஐயா, லைனே இல்லை" என்று தெளிவாகச் சொன்னேன். "சரி, விடாத, போட்டுக்கிட்டே இரு" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் மூன்றேகால் வரை போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு வண்டி அனுப்ப அவருக்கு மூன்று மணி நேரம் இருந்தது. அனுப்பவில்லை. நான்காம் கிணறு மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. எல்லோரும் பின்வாங்க வேண்டும் என்ற பொது உத்தரவு மாலையில்தான் வந்தது. நீங்கள் அதற்கு முன்பே நூற்றுப் பன்னிரண்டு பேரோடு கிளம்பியது ஓடிப்போனதாக ஆயிற்று. அந்தப் பத்தே முக்கால் அழைப்பு உண்மை என்றால் என் பன்னிரண்டு பத்து அழைப்பும் உண்மையாகிவிடும். அதனால்தான் அப்படி ஓர் அழைப்பே நடக்கவில்லை என்று கர்னல் நீதிமன்றத்தில் சொன்னார்.

நீதிமன்றத்தில் உங்களிடம் யார் குரலைக் கேட்டீர்கள் என்றார்கள். ஒரு பெண்ணின் குரல் என்று சொல்லியிருந்தால் என்னை இழுத்திருப்பார்கள்: பொய் உத்தரவு கொடுத்தவள், எதிரிக்கு வேலை செய்தவள் என்று. "உத்தரவு எதுவும் வரவில்லை, என் முடிவு" என்று நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். வக்கீல் மூலமாக எனக்கு ஒரு வரி அனுப்பினீர்கள், வாயைத் திறக்க வேண்டாம் என்று. நான் திறக்கவில்லை. அதை உங்கள் பெருந்தன்மை என்று சொல்லி மூடிவைத்தேன். உண்மையில் நான் பயந்தேன். இரண்டு வருடம் நீங்கள் சிறையில் இருந்தீர்கள். நான் ரொட்டி தின்றேன்.

இதில் திருத்தம் இருந்தால் எழுதுங்கள். அனுமதி கேட்டு இதை எழுதவில்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார்காவில் இரவு குளிருமாமே, கம்பளி போதுமா?

இப்படிக்கு,
தவ்லத்


ஸகாஸிக்,
9 மார்ச் 1971

மேஜர் ரிஃபாத் அவர்களுக்கு,

சாந்தி உண்டாகட்டும்.

நீங்கள் பதிலே போடவில்லை. திருத்தம் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கெய்ரோவுக்குப் போய்வந்தேன். அஃப்கார் கூட வந்தாள். சுவிட்ச் போர்டில் எனக்கு அடுத்த நாற்காலியில் பதினோரு வருடம் உட்கார்ந்தவள், அந்த ஜூன் ஆறாம் தேதியும் உட்கார்ந்திருந்தாள். ரயிலில் முழு வழியும் திட்டிக்கொண்டே வந்தாள். "ஏண்டி, ஜெயில் சோறு திங்க உனக்கு அவ்வளவு ஆசையா? எனக்கு மூணு பொண்ணு இருக்கு. நான் வாசல்ல நிப்பேன், உன் பையைப் பிடிச்சுக்குவேன். உள்ள ஒரு அடி வைக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். அதோடு எனக்கு அவித்த முட்டை உரித்துக் கொடுத்தாள்.

வாசலில் இருந்த எழுத்தர் எங்கள் காகிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சண்டைக்குப் போனது ஆம்பளைங்க. டெலிபோன்காரிங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அஃப்கார் முந்திக்கொண்டாள். "அந்த ஆம்பளைங்களுக்கு வாய் இல்லாமப் போனப்ப நாங்கதான்யா வாயா இருந்தோம். வழிய விடு!" என்று அவரை ஒதுக்கிவிட்டு எனக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்தாள். பையை நான் தூக்கிக்கொண்டு போனேன்.

குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஒரு பிரிகேடியர், வயதானவர், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பவர். கெட்டவராகத் தெரியவில்லை. நல்லவர் என்று சொல்லவும் எனக்கு ஆதாரம் இல்லை. நான் எழுதியதை முழுக்கப் படிக்க விட்டார். பிறகு கேள்விகள்.

ஒரு பெண் "இது என் கட்டளை" என்று சொன்னால் ஒரு மேஜர் நம்பிவிடுவாரா என்று இடது பக்கத்து அதிகாரி கேட்டார், உதட்டோரம் ஒரு சிரிப்போடு. நம்பினார் என்றேன். இரண்டு வருடம் அவர் தாய்க்கு நான்தான் மகன், அவருக்கு நான்தான் தாய். ஒரு நாள் கர்னலானதில் அவருக்கு ஆச்சரியம் இருந்திருக்காது என்றேன். சிரிப்பு நின்றது.

அன்றைய அழைப்புச் சீட்டுகள் எங்கே என்றார்கள். எக்ஸ்சேஞ்ச் தீப்பிடித்ததில் போய்விட்டன என்றேன். அஃப்காரைக் கேட்டார்கள். கர்னல் பேசியது எனக்குக் கேட்கவில்லை, இவள் வாயால் சொன்னதுதான் கேட்டது என்றாள். "'இது என் கட்டளை'ன்னு ரெண்டு தடவை சொன்னா. என்னடி இது, ராத்திரியோட ராத்திரியா ஜெனரல் ஆயிட்டியான்னு நான் கேலிகூடப் பண்ணேன். அப்புறம் மத்தியானம் பூரா 'நான்காம் கிணறு, நான்காம் கிணறு, கேக்குதா'ன்னு கத்திக்கிட்டே இருந்தா. தொண்டை கட்டி ரத்தம் வந்துச்சு, ஐயா. தண்ணி குடுத்தேன், குடிக்கல" என்றாள். அந்த ரத்தம் எனக்கு ஞாபகமே இல்லை. அஃப்கார் கொஞ்சம் கூட்டிச் சொல்பவள்தான். ஆனால் அழுதுகொண்டே சொன்னாள்.

பிறகு பிரிகேடியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். "உங்கள் வேலைக் காலத்தில் எப்போதாவது ஒரு செய்தியை மாற்றிச் சொன்னதுண்டா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அஃப்கார் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். ஆனால் மூன்று பேரிடம் உண்மையை நம்பச் சொல்லிவிட்டு நாலாவது நிமிடத்தில் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. ஒரு முறை என்றேன். ராணுவச் செய்தியா என்றார். இல்லை, மேஜர் ரிஃபாத் தன் தாயோடு பேசிய வியாழக்கிழமை அழைப்பு, 1967 மே மாதம் என்றேன். என்ன மாற்றினீர்கள் என்றார்.

சொன்னேன், ரிஃபாத். எல்லாவற்றையும் சொன்னேன். நபவிய்யா அம்மாள், "தாடி நரைச்சப்புறமாடா கல்யாணம்? யாரையாவது பாத்து வெச்சிருக்கியா இல்லையா?" என்று கேட்டதை. "இப்ப உங்ககிட்ட கத்திக்கிட்டு இருக்கிற இந்தக் குரலைத்தான் கட்டிக்குவேன்னு சொல்லுங்க" என்று நீங்கள் சொன்னதை. எங்கள் வழக்கப்படி நான் என் வாயால், என் குரலால், "இந்தக் குரலைத்தான் கட்டிக்குவேன்" என்று கத்தியிருக்க வேண்டும் என்பதை. நான் அப்படிச் செய்யாமல், "அம்மா, லைன் சரியில்லை" என்று சொல்லிவிட்டதை. "லைன் நல்லாத்தான் இருக்கு, நீதான் சரியில்ல" என்று அவர் திட்டியதையும் சேர்த்துச் சொன்னேன். பதிவு முழுமையாக இருக்கட்டுமே.

வலது பக்கத்து இளைய அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். இடது பக்கத்தவர் இருமினார். பிரிகேடியர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் செய்திக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்டார். சொல்லவில்லை, அதற்குள் போர் வந்துவிட்டது என்றேன். பிறகு எனக்கே தெரியாத ஒரு துணிச்சலில், "அது உங்கள் விசாரணைக்குள் வராது. ஆனாலும் என் வாக்குமூலம் என்று ஒன்றைப் பதிவு செய்வதானால், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: சம்மதம்" என்றேன்.

எழுத்தர் பேனாவைத் தூக்கிக்கொண்டு பிரிகேடியரைப் பார்த்தார். "எழுதுங்க" என்றார் அவர்.

ஆகவே, ஐயா, நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது இப்போது போர் அமைச்சகத்தின் கோப்பில், பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது. நாற்பத்து மூன்று வயதில் எனக்குக் கிடைத்த நிச்சயதார்த்தம் அது. சாட்சிக்கு மூன்று அதிகாரிகள், குறட்டை போல மூக்கை உறிஞ்சும் ஒரு அஃப்கார்.

இனி உங்களுக்குப் பிடிக்காத செய்தி. கிளம்பும்போது பிரிகேடியர் சொன்னார்: இரண்டு ஆபரேட்டர்களின் சொல்லை மட்டும் வைத்து ஒரு தீர்ப்பை மாற்ற முடியாது. மேஜரே வந்து சொல்ல வேண்டும். அவர் 1968இல் "உத்தரவு எதுவும் வரவில்லை" என்று கையெழுத்திட்டிருக்கிறார். அதையே நீங்கள் திரும்பச் சொன்னால் அஃப்காரும் நானும் பொய் வாக்குமூலம் கொடுத்தவர்கள் ஆவோம். வேலை போகும், வழக்கும் வரும். ஏப்ரல் 4, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு உங்களை வரச்சொல்லி ஆணை அனுப்புவார்கள்.

ஊர் திரும்பியதும் ஃபௌகிய்யாவிடம் போர்வையை விலக்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏதோ ஓர் அரசாங்கக் கடிதத்திலிருந்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது, என் முகத்திலிருந்து தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் பிசைவதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகு, "ரெண்டு வருஷமா என் கையால வாங்கித் தின்னுக்கிட்டு இதை வயித்துக்குள்ள வெச்சிருந்தியாடி?" என்றாள். ஆமாம் என்றேன். "போ. என் கண்ணு முன்னால நிக்காத" என்றாள். போனேன். மறுநாள் ரொட்டி இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

தவ்லத்


ஸகாஸிக்,
24 மார்ச் 1971

ரிஃபாத்,

இந்த முறை மரியாதைச் சொற்களை விட்டுவிடுகிறேன். கோபமாக இருக்கிறேன். உங்கள் மேல் சாந்தி உண்டாகட்டும் என்பதை மட்டும் விடவில்லை, ஏனென்றால் உங்களுக்கு அது தேவைப்படும்.

உங்கள் கடிதம் வந்தது. ஆணை கிடைத்தது என்றும், கெய்ரோவுக்குப் போவேன் என்றும், போய் "எந்தக் குரலும் எனக்கு நினைவில்லை" என்று சொல்லிவிட்டு வருவேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொன்னால் எங்களைப் பொய்யர் என்று சொன்னதாக ஆகாதாம், மறதி உங்கள் தலையில் விழுமாம். உங்கள் வக்கீல் யோசனையா இது? பழைய எஞ்சினுக்குத் துணி சுற்றி ஒழுகலை நிறுத்துவது போல இருக்கிறது. பிரிகேடியர் ஒரு நிமிடத்தில் பிரித்துவிடுவார்.

நான்காம் கிணற்றுக் குடும்பங்கள் என் வாசலில் வந்து நிற்பார்கள், கல்லெறிவார்கள், அதை உங்களால் தாங்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வாசலே இல்லை, ரிஃபாத். ஒரு போர்வைதான் இருக்கிறது. அதை விலக்கிக்கொண்டு ஃபௌகிய்யா போன வெள்ளிக்கிழமை வந்தாள். பத்து நாள் பேசாதவள். வந்து என் கட்டிலில் உட்கார்ந்து, "பன்னெண்டு பத்துக்கு நீ சொன்னப்ப அந்தக் கர்னல் என்ன சொன்னான், இன்னொரு தடவை சொல்லு" என்றாள். சொன்னேன். "வேற எதுவும் சொல்லலியா? எத்தன பேரு அங்க இருக்காங்கன்னு கேக்கலியா?" என்றாள். கேட்கவில்லை என்றேன். பிறகு, "நாலாந்தேதி நானும் வர்றேன். அந்த ரிஃபாத் மூஞ்சியையும் பாக்கணும். நாலு வருஷமா தப்பான ஆளைத்தான் வாய் நோகத் திட்டியிருக்கேன்" என்றாள்.

என்னை மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ரொட்டி இன்னும் வரவில்லை. ஆனால் ரயிலுக்கு மூன்று சீட்டு எடுக்கச் சொன்னாள்.

போன வியாழக்கிழமை தன்தாவுக்கும் போய்வந்தேன். உங்கள் அனுமதி இதற்கும் கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரர் இப்போதெல்லாம் உங்கள் அம்மாவைத் தன் டெலிபோன் பக்கம் விடுவதில்லை என்பதை நீங்கள் எனக்கு எழுதவே இல்லை. தெருவில் அவரை "ஓடிப்போனவன் அம்மா" என்கிறார்கள். அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் கதவருகிலேயே நின்று சொல்கிறார்கள். உதட்டசைவைப் படிக்க அவருக்குத் தெரியும் என்பது அந்தத் தெருவுக்குத் தெரியாது. கடைக்குக்கூடப் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். உங்கள் பெருந்தன்மைக்கு அவரும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார், அதை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் வாசலில் நின்று "அம்மா!" என்று கத்தியதும் கையில் இருந்த வறுத்த கடலைத் தட்டைக் கீழே போட்டுவிட்டார். "நீதானா அந்தக் கத்துறவ?" என்றார். என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "குரலைக் கேட்டு இன்னும் குண்டா இருப்பேன்னு நெனச்சேன்" என்றார். சாப்பிடாமல் விடவில்லை. சாப்பிட்ட பிறகு, மே மாதம் நான் கொண்டுசேர்க்காமல் விட்ட செய்தியைக் கொண்டுசேர்த்தேன். வழக்கப்படி, நீங்களாகவே மாறி, அவர் காதுக்கு எட்டும்படி: "அம்மா, நான் இந்தக் குரலைத்தான் கட்டிக்குவேன்!" தெருவில் ஐந்து ஜன்னல் திறந்தது. உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக்கூடாதாடி? நாலு வருஷம் போச்சே" என்றார். பிறகு ஜன்னல்களைப் பார்த்து, நான் இங்கே எழுத முடியாத இரண்டு வார்த்தை சொன்னார்.

இப்போது கேளுங்கள். பதவி திரும்பி வருமா என்று எனக்குத் தெரியாது. கர்னலுக்கு ஏதாவது ஆகுமா என்றும் தெரியாது. ஆகாது என்றே நினைக்கிறேன், அவர் இப்போது பெரிய இடத்தில் இருக்கிறார். நான் அதற்காகப் போகவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பேர் என் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியத்தால் உயிரோடிருக்கிறார்கள். நான்காம் கிணற்றின் நாற்பது பேர் அதே வாய் எட்டாததால் இல்லை. இரண்டும் என்னுடையவை. ஒன்றை மறைக்க இன்னொன்றையும் சேர்த்து நீங்கள் எடுத்துக்கொண்டு போய்ச் சிறையில் வைத்தீர்கள். எனக்குத் திருப்பிக் கொடுங்கள். உங்களால் காப்பாற்றப்பட்டவளாக மீதி வாழ்க்கையை உங்கள் எதிரில் உட்கார்ந்து கழிக்க எனக்கு விருப்பமில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றால் அந்த நாளில் என் பங்கு எனக்கு வேண்டும்.

அஃப்கார் தன் மூன்று பெண்களிடமும் சொல்லிவிட்டாள். கடைசிப் பெண், "அம்மா, உன்ன ஜெயில்ல போட்டா யாரு சமைப்பா?" என்று கேட்டாளாம். "அப்பாதான், அவரையும் உள்ள போடச் சொல்லி மனு கொடுப்பீங்க பாரு" என்றாளாம் இவள். இப்படிப்பட்டவளைப் பொய்க்காரி ஆக்காதீர்கள்.

கார்காவிலிருந்து வண்டி சனிக்கிழமை காலையே கிளம்பிவிடும் என்று விசாரித்துக்கொண்டேன். வழியில் மணல் காற்று அடித்தால் தாமதமாகும், அதனால் வெள்ளிக்கிழமை வண்டியிலேயே கிளம்பிவிடுங்கள். சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்று பெண்களும் ஒன்பது மணிக்கே அந்த வாசலில் நிற்போம்.

பிரிகேடியர் கண்ணாடியைத் துடைப்பார். பிறகு, "அன்று யாருடைய குரலைக் கேட்டீர்கள்?" என்பார். அவர் அதைத்தான் முதலில் கேட்பார். நான் அந்த அறையில் உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். இந்த முறை உங்களுக்காக நான் பேச முடியாது, விதிப்படி வாயைத் திறக்கவே கூடாது. நீங்களே, உங்கள் வாயால், எல்லோருக்கும் கேட்கும்படி என் பெயரைச் சொல்ல வேண்டும். முழுப் பெயர்: தவ்லத் அப்துல்முயீன் ஷஹாத்தா.

இறைவன் உங்கள் நாவின் முடிச்சை அவிழ்க்கட்டும்.

தவ்லத்